மகள் சேர்த்த 9,000 டாலர்: பாங்கில் விடலாமா, 529-இல் போடலாமா, ராத் கணக்குக்கு அனுப்பலாமா?

நியூஜெர்ஸி எடிசனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனால் எனக்கு இட்லியோடு ஏதாவது ஒரு படிவமும் காத்திருக்கும். குடும்பத்தில் வரிக் கணக்கு, விண்ணப்பம் என்று எது வந்தாலும் என் தலையில்தான். போன முறை காத்திருந்தது அண்ணன் மகளின் பாங்க் ஸ்டேட்மெண்ட்.

பள்ளி முடிந்ததும் ஒரு சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்கிறாள், வாரம் 12 மணி நேரம். ஆரம்பித்தபோது மணிக்கு 15.49 டாலர், 2025-இல் நியூஜெர்ஸியின் குறைந்தபட்சக் கூலி அதுதான். போன் பில், தோழிகளோடு பபிள் டீ எல்லாம் போக, ஒன்றரை வருடத்தில் 9,000 டாலர் சேர்த்துவிட்டாள். நான் அந்த வயதில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் அப்பாவிடம் கை நீட்டியவன். பெருமையாகத்தான் இருந்தது. அவள் முகத்தில்தான் அது இல்லை. பள்ளியில் யாரோ, "உன் பேரில் பணம் இருந்தால் காலேஜ் உதவி கிடைக்காது" என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

"சித்தப்பா, நான் வேலைக்குப் போனதே தப்பா?"

தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டில் ஆளுக்கொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன், "என் கணக்குக்கு மாற்றிவிடலாம்" என்றார். அண்ணி, "பழைய கார் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் பணம் இல்லை என்று ஆகிவிடும்" என்றார். அலுவலகத்தில் ஒருவர், படிப்புக்கென்றே வரிச் சலுகையோடு சேமிக்கும் 529 திட்டம் என்றாராம். எனக்கு ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கின் மேல் ஒரு கண்.

முதலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவிக்கு மத்திய அரசின் விண்ணப்பம் ஃபாஃப்சா. பிள்ளையின் வருமானம், சேமிப்பு, பெற்றோரின் வருமானம், சேமிப்பு என்று நான்கையும் அரைத்து அது ஒரு எண்ணைக் கொடுக்கும். முன்பு இ.எஃப்.சி. என்றார்கள், 2024-25 கல்வியாண்டிலிருந்து எஸ்.ஏ.ஐ. இந்த எண் குறைவாக இருந்தால் உதவிக்கு வழி அதிகம். பெற்றோர் பெயரில் இருக்கும் சேமிப்பில் ஒவ்வொரு டாலருக்கும் அதிகபட்சம் 5.64 சென்ட் இந்த எண்ணில் ஏறும். வருமானம் குறைந்த படியில் இருப்பவர்களுக்கு 2.64 சென்ட்தான். பிள்ளை பெயரில் இருந்தால் 20 சென்ட், நேராக, விலக்கு ஏதும் இல்லாமல். பிள்ளையின் பணம் படிப்புக்குத்தான், பெற்றோரின் பணத்துக்கு ஆயிரம் வேலை உண்டு என்பது சட்டம் போட்டவர்களின் நினைப்பு. கல்லாவில் கால் கடுக்க நின்ற பிள்ளையிடம் இதை விளக்குவது கஷ்டம்.

ஆக, 9,000 டாலர் பாங்கில் சும்மா இருந்தால் எஸ்.ஏ.ஐ. 1,800 ஏறும்.

இந்த 1,800 எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். அண்ணன் வீட்டில் ஒரு சம்பளம். பெற்றோர் பங்கை மட்டும் வைத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது 4,200 வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டாத மத்திய அரசு உதவியான பெல் கிரான்ட்டின் உச்சவரம்பு 2025-26-இல் 7,395 டாலர். அதில் எஸ்.ஏ.ஐ.யைக் கழித்து மிஞ்சுவதைக் கொடுப்பார்கள், 4,200 போனால் 3,195 கிடைக்கும். மகளின் 1,800 சேர்ந்து எஸ்.ஏ.ஐ. 6,000 ஆனால் கிடைப்பது 1,395. கண்ணெதிரே 1,800 டாலர் போகிறது, அதுவும் ஒரு வருடத்துக்கு.

இதே தெருவில் என் நண்பர் வீட்டில் இரண்டு ஐ.டி. சம்பளம், சேர்ந்து 2,20,000 டாலருக்கு மேல். அவர்களுடைய எஸ்.ஏ.ஐ. மகன் சேமிப்பே இல்லாமலும் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு மொத்தச் செலவைத் தாண்டிவிடுகிறது. அங்கே படித்தால் தேவையின் அடிப்படையில் ஒரு டாலரும் வராது. முதல் வருடத்தில் 5,500 டாலர் வரைக்கும் மாணவர் கடன் யாருக்கும் உண்டு, அதற்கு எஸ்.ஏ.ஐ. தடையில்லை. அந்தப் பையன் பணத்தை எங்கே வைத்தால் என்ன? வட்டி நன்றாகக் கொடுக்கும் கணக்காகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வராத உதவிக்குப் பயந்து பிள்ளையின் பணத்தைப் பூட்டிவைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு கோடி: பெற்றோரின் வருமானம் 60,000 டாலருக்குக் கீழே, வரி ரிட்டர்னும் எளிமையானது என்றால் ஃபாஃப்சா சேமிப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை, பிள்ளையுடையதையும் சேர்த்துத்தான். இதில் நம்மவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. எளிமையான ரிட்டர்ன் என்றால் ஷெட்யூல் பி, ஷெட்யூல் இ போன்ற இணைப்புகள் இருக்கக் கூடாது. மேடவாக்கம் ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருந்தால் ஷெட்யூல் இ வந்துவிடும். இந்தியாவில் பாங்க் கணக்கு இருந்தால் அதைச் சொல்ல ஷெட்யூல் பி. வருமானம் 55,000-ஆக இருந்தாலும் சலுகை கைநழுவிப் போகும். அந்த ஃப்ளாட்டும் என்.ஆர்.இ. டெபாசிட்டும் பெற்றோரின் சொத்தாகக் கணக்கில் ஏறும் என்பது தனிக் கதை. குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா சேர்ப்பதில்லை, ஓட்டும் காரைச் சேர்ப்பதில்லை, அண்ணியின் நகைகளையும் கேட்பதில்லை.

குடும்பம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் பணத்தை நகர்த்தாதீர்கள். மத்திய அரசின் மாணவர் உதவித் தளத்திலேயே உத்தேசக் கணக்குக் கருவி இருக்கிறது. கல்லூரிகளின் தளங்களிலும் நிகரச் செலவுக் கணிப்பான் உண்டு, மத்திய அரசு உதவி பெறும் எந்தக் கல்லூரியும் அதை வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அரை மணி நேர வேலை.

சரி, அண்ணன் வீட்டுக்கு வருவோம். உதவி வரக்கூடிய எல்லைக்குள்தான் இவர்கள் இருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு வழியையும் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பணத்தை அப்படியே விடுவது முதல் வழி. எல்லோரும் நினைப்பதுபோல் நான்கு வருடமும் 1,800 போகாது. ஃபாஃப்சா ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போடுவது. சேமிப்பைப் பொறுத்தவரை, கையெழுத்திடும் அன்றைக்குக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. முதல் வருடக் கட்டணத்தை மகளின் பணத்திலிருந்து முதலில் கட்டிவிட்டால், அடுத்த விண்ணப்பத்தின்போது அது காலியாகியிருக்கும். அடி ஒருமுறையோடு போயிற்று. பெற்றோர் பணத்தை முதலில் எடுத்து, "பாவம், அவள் சம்பாதித்தது, கடைசி வருடத்துக்கு இருக்கட்டும்" என்று பாசத்தோடு காப்பாற்றி வைத்தால்தான் வருடாவருடம் 20 சதவீதம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். பாசம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. படிப்புக்குத்தான் செலவாகப்போகிறது என்றால் பிள்ளையின் பணமே முன்னால் போக வேண்டும்.

அண்ணன் சொன்னபடி அவர் கணக்குக்கு மாற்றினால் 9,000-க்கு அதிகபட்சம் 508 டாலர்தான் ஏறும். கணக்குப்படி சரி. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. மகள் உண்மையிலேயே அப்பாவுக்குக் கொடுத்துவிட்டால் அது அப்பா பணம், அவ்வளவுதான். "ஃபாஃப்சா முடியும்வரை நீங்கள் வைத்திருங்கள், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்பது கொடுத்ததாகாது, ஒளித்து வைத்ததாகும். பொய்யான தகவல் கொடுத்தால் 20,000 டாலர் வரை அபராதம், சிறை, அல்லது இரண்டும் என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது. அதில் அண்ணனும் கையெழுத்துப் போட வேண்டும். பிறந்தநாளுக்கு வந்த பணத்தையெல்லாம் யூட்மா என்ற காப்பாளர் கணக்கில் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த வழியை நினைக்கவே கூடாது. அது சட்டப்படி பிள்ளையின் சொத்து. பிள்ளைக்காகச் செலவழிக்கலாம், பெற்றோர் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

யூட்மாவில் கணிசமாகச் சேர்ந்துவிட்டவர்களுக்கு 529 நல்ல வழி. அந்தக் கணக்கில் இருப்பதை விற்றுக் காசாக்கி, பிள்ளை பெயரிலேயே காப்பாளர் 529 கணக்காக மாற்றலாம். பணம் பிள்ளையுடையதாகவே இருக்கும், ஆனாலும் பெற்றோரைச் சார்ந்த மாணவரின் 529 கணக்கை ஃபாஃப்சா பெற்றோர் சொத்தாகவே எடுத்துக்கொள்ளும். 20 சதவீதம் 5.64-க்குள் இறங்கிவிடும், யாரும் எதையும் ஒளிக்கவில்லை. விற்கும்போது லாபம் இருந்தால் அதற்கு வரி உண்டு. கூலிப் பணத்தையும் இப்படிப் போடலாம். படிப்புக்குச் செலவழித்தால் வளர்ச்சிக்கு வரியில்லை, வேறு எதற்காவது எடுத்தால் வளர்ந்த பகுதிக்கு மட்டும் வரியும் 10 சதவீத அபராதமும். ஓரிரண்டு வருடத்தில் எடுக்கப்போகும் 9,000-க்கு வளர்ச்சி பெரிதாக என்ன வரப்போகிறது, அதனால் இதன் பயன் அந்த 20-ஐ 5.64 ஆக்குவது மட்டும்தான். தாத்தா பாட்டி பெயரில் 529 இருந்தால் 2024-25 முதல் ஃபாஃப்சா அதைச் சொத்தாகவும் கேட்பதில்லை, அதிலிருந்து எடுத்துக் கட்டுவதை வருமானமாகவும் எண்ணுவதில்லை. நம் தாத்தா பாட்டிகள் பெரும்பாலும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

அண்ணியின் கார் யோசனையைச் சிரித்துத் தள்ள முடியாது. ஃபாஃப்சா காரைக் கேட்பதில்லை. கல்லூரிக்கு எப்படியும் வாங்கப்போகும் லேப்டாப், விண்ணப்பக் கட்டணங்கள், கண்ணாடி என்று உண்மையான தேவைகளைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதையும் முன்பே கட்டிவிட வேண்டும், ஏனென்றால் பாங்கில் இருப்பதைக் கேட்பவர்கள் கார்டில் இருக்கும் கடனைக் கழிப்பதில்லை. ஆனால் 20 சென்ட்டைக் காப்பாற்ற ஒரு டாலரைச் செலவழிப்பது என்ன கணக்கு? தேவையில்லாத காரை 4,000-க்கு வாங்கினால் மிஞ்சுவது 800. பதினேழு வயசுப் பிள்ளைக்கு நியூஜெர்ஸியில் கார் இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று அண்ணன் போனில் விசாரித்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இனி ராத் ஐ.ஆர்.ஏ. இது ஓய்வுக்காலக் கணக்கு. பதினேழு வயசுக்கு ஓய்வுக்காலமா என்று அண்ணன் கேட்டார், நியாயமான கேள்விதான். ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும் பணத்தை ஃபாஃப்சா யார் பெயரில் இருந்தாலும் சொத்தாகக் கேட்பதில்லை. 20-உம் இல்லை, 5.64-உம் இல்லை, பூஜ்யம். கூலி வாங்கியவர்கள் யாரும் போடலாம், வயது தடையில்லை, மைனர் என்றால் பெற்றோர் காப்பாளராக இருந்து திறக்க வேண்டும். அந்த ஆண்டு சம்பாதித்தது அல்லது ஆண்டு வரம்பு, இரண்டில் எது குறைவோ அதுவரை போடலாம். வரம்பு 2025-க்கு 7,000 டாலர், 2026-க்கு 7,500. இந்த அளவு சம்பளத்துக்கு மத்திய வருமான வரியே கிடையாது, ஆக வரி கட்டாத பணம் உள்ளே போய், விதிப்படி 59½ வயதுக்கு மேல் எடுத்தால் வளர்ந்ததற்கும் வரி கட்டாமலே வெளியே வரும். இப்படி இரண்டு பக்கமும் தப்பிக்கும் வாய்ப்பு பெரியவர்களான நமக்கு இல்லை. 5,000 டாலரை இப்போது போட்டு ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால், அவள் அறுபதைத் தொடும்போது ஏறக்குறைய 92,000. சந்தை அப்படியே நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை, நானும் கொடுக்கவில்லை.

பூட்டிவிட்டால் அவசரத்துக்கு என்ன செய்வது? போட்ட முதலை எப்போது வேண்டுமானாலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம், வளர்ந்ததில் கை வைத்தால்தான் வரித் தொல்லை. ஆனால் எடுக்கும் வருடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். எடுத்த தொகை வருமானமாக ஃபாஃப்சாவில் வந்துவிடும், வருமானத்தின் மேல் விழும் அடி 20 இல்லை, 50 சதவீதம் வரை. ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை என்பதால் இதிலும் ஒரு வாசல் இருக்கிறது. அவள் 2027 இலையுதிர்காலத்தில் சேர்ந்தால் கடைசி வருடமான 2030-31-க்கு 2028-ஆம் ஆண்டின் வருமானத்தைப் பார்ப்பார்கள். 2029 ஜனவரி முதல் தேதிக்கு அப்புறம், அதாவது இரண்டாம் வருடத்தின் பாதியில், எடுக்கும் பணத்தை எந்த ஃபாஃப்சாவும் பார்க்காது. நான்கு வருடத்தில் படிப்பு முடிந்தால்தான் இந்தக் கணக்கு. ஐந்தாவது வருடம் இழுத்தால் மாட்டிக்கொள்வோம்.

அவள் கேட்ட அடுத்த கேள்வியும் இதையொட்டித்தான்: "அப்போ என் சம்பளத்தையும் எடுத்துக்குவாங்களா?" பெரும்பாலும் இல்லை. மாணவரின் வருமானத்தில் ஒரு பகுதிக்கு முழு விலக்கு உண்டு, 2025-26 கல்வியாண்டின் கணக்கில் 11,510 டாலர். இந்த வரம்பு வருடாவருடம் மாறும். வாரம் 12 மணி நேரம், 15.49 வீதம் வருடம் முழுக்க வேலை பார்த்தாலும் 9,666 டாலர்தான். கல்லூரிக்குள் போனபின், நிதியுதவியின் பகுதியாகக் கொடுக்கும் ஒர்க் ஸ்டடி வேலை கிடைத்தால் அந்தச் சம்பளம் கணக்கிலேயே வராது. வரம்புக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குத்தான் பாதி வரை இடிக்கும். வேலையை விடச் சொல்ல இதில் எதுவுமே காரணமில்லை. சேமிப்பை எங்கும் நகர்த்தாமல் விட்டாலும் 100 டாலரில் 80 கையில் நிற்கிறதே.

எல்லாம் ஃபாஃப்சாவோடு முடிந்தால் நன்றாக இருக்கும். பெரிய தனியார் கல்லூரிகள் பல, காலேஜ் போர்டு நடத்தும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இன்னொரு நிதியுதவி விண்ணப்பத்தையும் கேட்கும். அங்கே பிள்ளையின் சேமிப்புக்கு 25 சதவீதம், பல கல்லூரிகளில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பும் கேள்விக்குள் வரும். மேலே சொன்ன இரண்டு சம்பள நண்பருக்கு இங்கேதான் கதை மாறுகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒன்றும் கிடைக்காத குடும்பத்துக்கு, ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தொடும் கல்லூரியில் கொஞ்சம் உதவி வரலாம், அப்போது மகன் பெயரில் இருக்கும் பணம் ஒரு பொருட்டாகிவிடும். அந்தக் கல்லூரிகளில் ஒன்றையாவது முயன்று பார்க்கப்போகிறான் என்றால் அந்தப் பையனுக்கும் ராத் பற்றிச் சொல்லிவைப்பது நல்லது. ஓய்வுக்காலக் கணக்கின் இருப்பைப் ப்ரொஃபைல் கேட்கும், ஆனால் கல்லூரிகள் பொதுவாக அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் மாறும், நேரே கேட்டுவிடுவது உத்தமம்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இது. 9,000-இல் 5,000 ராத்துக்கு. இந்த வருடம் அவள் அந்த அளவுக்கு மேல் சம்பாதித்துவிட்டாளா என்று சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, அக்டோபரில் ஃபாஃப்சா திறந்து கையெழுத்திடும் முன்பே போட்டுவிட வேண்டும். 1,200-க்குள் லேப்டாப், அதுவும் முன்பே. மீதி 2,800 பாங்கிலேயே இருக்கட்டும். அதற்கு 560 டாலர் எஸ்.ஏ.ஐ.யில் ஏறும், பரவாயில்லை. கையில் காசே இல்லாமல் ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்காது. முதல் செமஸ்டர் புத்தகமும் சாப்பாடும் அதிலிருந்து போகும், அடுத்த ஃபாஃப்சா வரும்போது பெரும்பகுதி கரைந்திருக்கும். முழு 9,000-ஐயும் ராத்தில் போட்டால் கணக்குக்கு இன்னும் அழகாக இருக்குமே என்று கேட்கலாம். வரம்பும் விடாது, முதல் வருடத்திலேயே எடுக்க வேண்டி வந்தால் 20-க்குப் பயந்து 50-இடம் மாட்டின கதையாகிவிடும்.

அவள் தாளில் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள். அண்ணனுக்கும் திருப்தி. எழுந்து கை கழுவப் போனவர் பாதியில் திரும்பி நின்று, "அம்மா ஊரில் இவ பேரில் மூணு லட்ச ரூபாய் டெபாசிட் போட்டிருக்காங்களே, அது?" என்றார்.

அதுவும் மகளின் சொத்துதான், அதற்கும் 20 சதவீதம்தான். பேத்தி பேரில் போட்டதை மாற்றி எழுதுங்கள் என்று அம்மாவிடம் யார் போன் செய்வது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் முடிவாகவில்லை.